ஓரகத்தி வளர்த்த பூச்சிகள்

பெரியவளுக்கு ஓரகத்தியின் நகைநட்டுமேல் பொறாமை கிடையாது. புடவைமேலும் கிடையாது. அவள் வளர்க்கும் பூச்சிகளின்மேல்தான். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவளுக்கோ வயிறு எரிந்தது.

அண்ணன் தம்பியைக் கட்டிய இருவரும் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் குடியிருந்தார்கள். இரண்டு வீட்டின் பின்னறையிலும் பிளாஸ்டிக் தொட்டிகள். அவற்றில் அடுக்கிய முட்டை அட்டைகளின் இடுக்கெல்லாம் சுவர்க்கோழிப் பூச்சிகள். வளர்ந்ததும் பொடியாக்கித் தின்பண்டத்தில் சேர்க்க ஓர் ஆலை எடுத்துக்கொள்ளும். தொழிலை முதலில் தொடங்கியவள் பெரியவள்தான். ஆனால் சின்னவளின் பூச்சிகள் முப்பத்தைந்தே நாளில் கொழுகொழுவென்று ஆகிவிடும். இவளுடையவை நாற்பத்தைந்து நாள் தின்றும் நோஞ்சான்கள். தினமும் பத்திருபது செத்து மல்லாந்து கிடக்கும். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் கிர்ரென்று சத்தம் கிளம்பினால், இவள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

"அப்படி என்னத்தைத்தாண்டி போடுற?" என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"நீங்க போடுறதுதான்க்கா. தவிடு, சோயாத் தூள், கேரட்டு."

"சொல்ல மனசில்லேன்னா விடு."

ஆலைக்காரர் வேறு வந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். அடுத்த முறையிலிருந்து ஒரு வீட்டுச் சரக்கு போதுமாம், எது தேறியிருக்கிறதோ அதை மட்டும் எடுப்பாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவள் பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாற்றுச் சாவி பெரியவளிடம் இருந்தது. தன் தொட்டிகளைக் கிளறிக்கொண்டிருந்த கையோடு, போட்டிருந்த செருப்போடு, அப்படியே உள்ளே போனாள். 'கை கழுவாமல், செருப்பு மாற்றாமல் யாரும் உள்ளே வரக்கூடாது' என்று தன் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருப்பவள் அவள். பொறாமைக்குப் படிக்கத் தெரியுமா என்ன? தீனி டப்பாவைத் துழாவினாள். தவிடு, சோயாத் தூள், கேரட். சின்னவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள் என்பதே அவளுக்குப் பெரிய துரோகமாகப் பட்டது. ஆத்திரத்தில் ஒவ்வொரு தொட்டியிலும் கைவிட்டு அளைந்து பார்த்துவிட்டு வந்தாள்.

பத்து நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் அடங்கியது. பெரியவளுக்கு அன்று இரண்டு வாய் சோறு கூடுதலாகவே இறங்கியது.

ஆலை அனுப்பிய பூச்சி டாக்டர் இரண்டு அறைகளையும் பார்த்துவிட்டு சின்னவள் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். "ரெண்டு வீட்டுலயும் ஒரே நோய்தான். அங்கேருந்து யாராவது இங்க வந்தாங்களா?"

"அக்காவா? வேற ஒருத்தர் அறையில காலே வைக்க மாட்டாங்க. அவ்வளவு சுத்தம்" என்றாள் சின்னவள்.

"அப்ப தீனியிலதான் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஒரே கடையிலதானே வாங்குறீங்க? அதைத் தின்ன தாய்ப்பூச்சியோட முட்டையையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் எரிச்சிடுங்க."

சின்னவள் சமையலறைக்குப் போய் மூடிபோட்ட ஒரு பெட்டியை எடுத்து வந்தாள். "இதுவுமா டாக்டர்? பல்லு காட்டப் போனதுக்கு முந்தின நாளே முட்டையை எடுத்து மூடி வச்சது. நாளைக்குப் பொரிஞ்சிடும். அக்கா பூச்சி தேறவே மாட்டேங்குதேன்னு, அவங்களுக்குன்னு வச்சிருந்தேன்."

பெரியவளுக்கு வெட்கம்கூடப் பிறகுதான் வந்தது. இந்த நல்ல மனசும் இவளுக்கேதான் வாய்க்கணுமா என்றுதான் முதலில் வயிறு எரிந்தது.

சின்னவள் தீக்குச்சியை உரசினாள்.

"எரிக்காதே" என்றாள் பெரியவள். "தீனியில வரலை. நான்தான் வந்தேன், நீ ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கு. கை கழுவலை. செருப்பும் மாத்தலை."

"அப்ப, அதுக்கு முந்தின நாளே மூடி வச்ச இந்தப் பெட்டிக்கு ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார் டாக்டர்.

சின்னவள் குச்சியை ஊதி அணைத்தாள். பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.