எத்தனை ஆளோ அத்தனை பேர்

காத்தாயிக்குக் கோபம் வந்தால் முதலில் கொழுந்துக் கூடையை இறக்கி வைப்பாள். பிறகுதான் பேசுவாள். அன்று கூடையோடு ஆபீசுக்குள் வந்து, என் மேசை மேலேயே இறக்கினாள். நான் லிங்கசாமி, கோயம்புத்தூர்க்காரன். கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளார்க். எனக்கும் கோபம் வரும். ஆனால் காத்தாயியிடம் அது செல்லுபடியாகாது.

அது 2001. தேயிலை விலை விழுந்து, வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை இருந்தது. அந்த லட்சணத்தில், தொழிலாளர்களுக்காக நிர்வாகம் எடுத்திருந்த மருத்துவ இன்சூரன்ஸ் ஒவ்வொரு ஏப்ரலிலும் புது வேஷம் கட்டிக்கொண்டு வரும். ஒரு வருஷம் ஆஸ்பத்திரி மாறும். மறு வருஷம் மாமனார், மாமியாரைக் கழற்றிவிடுவார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒரு விதி புரிவதற்குள் அடுத்த ஏப்ரல் வந்துவிடும்.

அந்த வருஷத்து விதி, பழைய பட்டியல் செல்லாது, குடும்பத்தில் ஒவ்வொருவரையும் புதிதாகப் பதிய வேண்டும் என்பது. எல்லோருக்கும் புரியட்டும் என்று பேச்சு வழக்கிலேயே நோட்டீஸ் எழுதி ஒட்டினேன். "இன்சூரன்ஸ் வேண்டுவோர், குடும்பத்தில் எத்தனை ஆளோ அத்தனை பேர் கொடுக்க வேண்டும். கடைசி நாள் சனிக்கிழமை." அதுதான் வினை. சனிக்கிழமை மதியம் வரை ஒரு ஈ காக்கை வரவில்லை. இவர்களுக்கு நல்லது செய்யவே கூடாது என்று பொருமிக்கொண்டிருந்தபோதுதான் காத்தாயி வந்து கூடையை இறக்கினாள்.

இங்கே பெரும்பாலோரைப் போலவே காத்தாயியும் சிலோன் தோட்டத்தில் பிறந்து, பதினாலு வயதில் தாய் தகப்பனோடு கப்பலேறி வந்தவள். இங்கே இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். எடை குறைகிறது என்று தோன்றினால், எடை போடுகிறவரையே தராசில் ஏறி நிற்கச் சொல்வாள். அவள் கணவர் ராசு ஃபேக்டரியில் மூட்டை தூக்கியவர். குடலிறக்கம் கண்டு, கோவையில் ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி குறித்திருந்தார்கள். பட்டியலில் அவர் இல்லையென்றால் ஆபரேஷன் இல்லை. கைக்காசில் செய்துகொள்ள வழியே கிடையாது.

"கிளாக்கரையா, வீட்டுல நாங்க அஞ்சு ஆளு. அஞ்சு பேர் குடுக்க ஏலாது. ஒரு பேர் தாறேன், எங்க ஆளுக்கு மட்டும் போட்டுக்கிடுங்க."

"அஞ்சும் குடுத்தா உங்களுக்கு என்னம்மா நட்டம்? சரி, ஒண்ணுதான்னா ராசு பேரைச் சொல்லுங்க."

"அவருக்கு ஏது பேரு? ரெண்டு மாசமா வீட்டுல படுத்திருக்காரு. என் பேரத்தான் எடுக்கணும்."

"ஆபரேசன் உங்களுக்கா, அவருக்கா?"

"அவருக்குத்தான்."

"அப்புறம் உங்க பேரை எழுதி நான் என்னங்க பண்றது?"

"எழுதச் சொன்னது யாரு? வெட்டுங்க! புதன்கிழமை பேர வெட்டுங்க. அன்னிக்கு முழுப்பேரு, அரைப்பேரு இல்ல!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிலோன் தோட்டத்துப் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. அரை நாள் வேலைக்கு அரைப்பேர். வாரத்துக்கு நாலே பேர் விழுகிற காலத்தில், வீட்டுக்கு ஐந்து பேர் கேட்டு நோட்டீஸ் ஒட்டிய மகராசன் நான்! வெட்கமாகப் போயிற்று. சிரிப்பும் வந்தது.

"காத்தாயம்மா, கூலி இல்லீங்க. ராசு, காத்தாயின்னு கூப்புடற பேருங்க. ஒரு பைசா வேண்டாமுங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அடப் பாவி மனுசா! இத வாயால சொன்னா கொறஞ்சா போவீங்க?"

பட்டியல் ஐந்து மணி ஜீப்பில் போயாக வேண்டும். அப்போது மணி மூன்று. கூடையை என் மேசையிலேயே விட்டுவிட்டு லயத்துக்கு ஓடினாள். தொழிலாளர் வீடுகளின் நடுவே நின்று அவள் போட்ட சத்தம் ஆபீஸ் வரை கேட்டது. அரை மணியில் வாசலில் வரிசை கட்டிவிட்டது. எழுதி எழுதி விரல் மரத்துப்போனாலும் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் போனஸ் வாங்கிய நாளில்கூட இருந்ததில்லை. முதல் வரியில் ராசு இருந்தார்.

அடுத்த மாதம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். போகிற வழியில் காத்தாயி ஆபீஸில் எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த வாரம், வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நாள்கூட விழவில்லை. நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நாலு பேர் போச்சுங்களே, காத்தாயம்மா."

கேட்டருகே மெல்ல நடந்து வந்துகொண்டிருந்த ராசுவைத் திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"போனாப் போகட்டும் கிளாக்கரையா. ஆளு வந்துட்டாரே!"