திராட்சை ரசப் பாட்டிலில் பினாயில்

"குடிச்சாகூட ஒண்ணும் ஆவாது சார்" என்றாள் திருப்பதிக் கடைப்பெண், என் பேச்சைக் கேட்டுத் தெலுங்கிலிருந்து தமிழுக்கு மாறி. என் கையில் தரை துடைக்கும் திரவம். மகள் நாளைக்குக் குழந்தையோடு வருகிறாள். "நைனா, பாப்பா தரையில கெடக்கறத எல்லாம் வாயில வச்சிக்கினு கீது. கெமிக்கல் இல்லாததா பாத்து வாங்கு" என்று காலையிலிருந்து இரண்டு முறை போன் செய்துவிட்டாள்.

பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்தவன் நான். எதையும் பின்பக்கத்திலிருந்து படிப்பேன். முன்னால் மூன்று இடத்தில் 'இயற்கை', ஒரு பச்சை இலை. பின்னால், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மூடியைத் திறந்து மோந்தேன். எலுமிச்சை ஜூஸ். மூடியை இறுக்கித் திருகினேன்.

சித்தூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சபையார் எல்லோரும் சேர்ந்து சர்ச்சு முழுவதையும் கழுவுவோம். கறுப்புப் பினாயில் சைக்கிளில் விற்க வரும். பாட்டில் நாம் கொண்டுபோக வேண்டும். அவசரத்துக்கு நான் எடுத்தது, திருவிருந்தில் சபையார் எல்லோரும் குடிக்கும் திராட்சை ரசம் வந்த காலிப் பாட்டில். கழுவி முடித்ததும், மீந்த பினாயிலோடு அதைப் பழையபடி ரசப் பாட்டில்கள் இருந்த அலமாரியிலேயே வைத்தேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கும் ஒழுங்கு எனக்கு அப்போதே உண்டு. ஊரார் பிழையைத் திருத்தித்தான் சம்பளமும் வாங்கினேன்.

மறுநாள் ஆராதனையில், பாட்டின் நடுவில் அது நினைவுக்கு வந்தது. பின்னறைக்கு ஓடினேன். சர்ச்சுக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்ட தேவதாஸ் அண்ணன், கையில் அந்தப் பாட்டிலோடு நின்றிருந்தார். மூடி திறந்திருந்தது. எதிரே தட்டு நிறையச் சின்னக் கோப்பைகள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் காலி.

"சர்ச்சு பூரா இதே நாத்தம், மொதல்ல தெரியல. ஊத்தப் போனேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சி. எனக்கு மட்டும் சளி புடிச்சிக்கினு இருந்தா, இன்னிக்கு மொத்த சபையும் பரலோகம்டா. பாஸ்டர்தான் மொத ஆளு" என்று சிரித்தார்.

"இந்த ஜூஸ் வாசனை இல்லாதது இருக்குமாம்மா?" என்று கடைப்பெண்ணைக் கேட்டேன்.

"வாசன இல்லன்னா யாரு சார் வாங்குவாங்க?"

வேறு வழியில்லாமல் அதையே வாங்கிவந்து பரணில் ஏற்றிவிட்டேன். பாப்பா இன்னும் நடக்கவில்லை. இருந்தாலும் நாற்காலியை அங்கிருந்து நகர்த்திவைத்தேன். கீழே நின்றாலும் எலுமிச்சை மணக்கிறது. பினாயில் சைக்கிள் வருவதில்லை, தேவதாஸ் அண்ணனும் இல்லை. அவர் கண்ணில் தண்ணீர் வரவைத்த அந்த நாற்றத்தைத்தான் கடை முழுக்கத் தேடினேன். எந்தப் பாட்டிலிலும் அது இல்லை.