பின்னால் வந்த விமானம்

நில அளவையாளர் நிருபனைப் பதுளையில் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்கள் எல்லோரும் அவரைப் பற்றி ஒரே கதையைத்தான் சொல்வார்கள். காரில் போகும்போது ரோட்டில் பனிமூட்டம் இறங்கினால் மனிதர் காரைத் திருப்பிவிடுவார். கல்யாணவீடோ செத்தவீடோ, அவருக்கு ஒன்றுதான். மாப்பிள்ளைக்குத் தாய்மாமனாக இருந்தும் பண்டாரவளைக்குப் போய்ச் சேராமல் பாதி வழியில் திரும்பி வந்தவர். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு வராது. அவர் முதன்முதலாகத் திரும்பிய நாளில் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவர் என் கணவர்.

என் பெயர் தயானி. என் கணவர் மதுசூதனன் கண் டொக்டர். அவரும் நிருபனும் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பதுளையில் பிறந்து, பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். நாற்பது வயதில் இருவருக்கும் விமானப் பைத்தியம் பிடித்தது. சனிக்கிழமைகளில் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை விமான நிலையத்துக்குப் போய்ச் சின்ன விமானம் ஓட்டப் பழகினார்கள். லைசன்ஸ் கிடைத்த அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன், ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரத்மலானையிலிருந்து பறந்துபோய் மட்டக்களப்பில் மத்தியானச் சாப்பாடு என்று திட்டம். ஆளுக்கொரு விமானம். மது முன்னால், நிருபன் பின்னால். மலைகளுக்கு மேல் மேகம் மூடிக்கொண்டது. நிருபன் திரும்பி, தெற்குக் கரையைப் பிடித்து, இரத்மலானையில் இறங்கிவிட்டார். மது எங்கேயும் இறங்கவில்லை. நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, காட்டுக்குள் கிடந்தது அவருடைய விமானம்.

முதலில் கண்டவர் அந்தத் தோட்டத்துக் கங்காணி ரெங்கசாமி. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து நான் அங்கே போனபோது, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்.

“மூட்டத்துல ஒண்ணும் தெரியலைங்கம்மா. சத்தம் மட்டுந்தான். ஒரு தடவ மேல போச்சு. பொறகு திரும்பி வந்துச்சுங்க. ஐயா திரும்பித்தான் வந்தாரு, அது எனக்கு நிச்சயமுங்க.”

ஆறுதலுக்குச் சொன்னார், பாவம். எனக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. திரும்பத் தெரிந்த மனிதர் ஏன் அவ்வளவு பிந்தித் திரும்பினார்? அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு உயிர் அடங்காது போலிருந்தது. மூட்டம் இறங்கும் பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் அந்தச் சத்தம் போகும், வரும். செய்கிற வேலையைப் போட்டுவிட்டு நின்று கேட்பேன். இன்றைக்காவது கொஞ்சம் முந்தித் திரும்பிவிடாதா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

உண்மையைச் சொன்னால், விடை எனக்குத் தெரியும் என்றுதான் பயந்தேன். விபத்துக்கு முந்திய மாதம் இதே பயணத்தில் மது மேகத்தைக் கண்டு அப்புத்தளையோடு திரும்பிவிட்டார். அன்று மட்டக்களப்பில் என் தங்கை வீடு குடிபுகுந்தாள். நான் பஸ்ஸில் முதல்நாளே போய், சாப்பாட்டை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கு வந்ததே கோபம்! அடுத்த கிழமை நிருபன் குடும்பம் விருந்துக்கு வந்தபோது, எல்லோருக்கும் முன்னால் எடுத்துவிட்டேன்.

“எங்கட கண் டொக்டருக்கு மேகத்துக்குள்ள கண் தெரியாதாம். இனியும் பாதியில திரும்பி வந்தா நான் கதவு திறக்கமாட்டன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். மதுவும் சிரித்தார்.

மது போன பிறகு நிருபன் விமானத்தைத் தொடவில்லை. ஞாயிறு தவறாமல் ஹாலிஎலவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவார். குழாய் ஒழுகினால் பார்ப்பார், கேஸ் சிலிண்டர் மாற்றுவார், தேத்தண்ணி குடிப்பார். தூரத்து மலை மறையத் தொடங்கியதும் எழும்பிவிடுவார். “அவர் ஏன் நேரத்தோட திரும்பேல்லை?” என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன். “தெரியேல்லை, தயானி” என்பார், அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிறு கேள்வியை மாற்றினேன்.

“அவரை விடுங்கோ. நீங்கள் ஏன் திரும்பினீங்கள்?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அதை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை போலும்.

“பயந்துபோனன்,” என்றார். “அண்டைக்குத் திரும்பினதை எல்லாரும் புத்தி எண்டு நினைக்கினம். அங்க புத்தி வேலை செய்யாது, தயானி. இவ்வளவு தூரம் வந்தாச்சு, இன்னும் அஞ்சு நிமிஷம், அங்கால வெளிச்சம் எண்டுதான் அது சொல்லும். எனக்குக் கால் நடுங்கினது. அதுதான் என்னைத் திருப்பினது.”

“அவருக்குச் சொன்னீங்களோ, திரும்பிறன் எண்டு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வெக்கமா இருந்தது. ‘டேய், பின்னால வாறியோ?’ எண்டு மது ரேடியோவில கேட்டவன். அப்ப நான் திரும்பியாச்சு. ஆனா ஓம் எண்டு சொன்னன். மேகத்தை விட்டு வெளிய வந்த பிறகு உண்மையைச் சொல்லக் கூப்பிட்டன். பதில் வரேல்லை. இப்பவும் மூட்டத்தைக் கண்டாக் காருக்குள்ள அவன்ர குரல் கேக்குது. பின்னால வாறியோ எண்டு. இல்லையடா, நான் திரும்பிறன் எண்டு சத்தமாச் சொல்லிப்போட்டுத்தான் காரைத் திருப்பிறனான்.”

எனக்குள் முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. காரணம் நானில்லை, இந்த மனிதர்தான் என்று நெஞ்சு துள்ளியது. பிறகுதான் கோபம் வந்தது. அந்தக் கோப்பையைத் தூக்கி அடித்திருப்பேன். ஆனால் அவர் இன்னும் தலை நிமிரவில்லை. சொல்லாமல் ஏதோ மிச்சம் வைத்திருந்தார்.

“நீங்கள் ஓம் எண்டதுக்கு அவர் என்ன சொன்னவர்?”

“ஒண்டுமில்லை.”

“நிருபன் அண்ணா, அண்டைக்கு விருந்தில நான் சொன்னதைக் கேட்டு நீங்களும் சிரிச்சனீங்கள்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைப் பார்க்காமல் சொன்னார்.

“‘அப்ப போவம். இண்டைக்கும் திரும்பினா தயானி கதவு திறக்கமாட்டாள்’ எண்டவன். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவன், தயானி. சத்தியமாச் சிரிச்சுக்கொண்டுதான்.”

நான்கு வருடம், ஒவ்வொரு ஞாயிறும் என் முன்னால் இருந்து, இந்த ஒரு வரியைத் தேத்தண்ணியோடு விழுங்கிக்கொண்டு போயிருக்கிறார். “தெரியேல்லை” என்ற சொல்லுக்காக நான் அவரை எவ்வளவு வெறுத்தேன்!

இருவரும் அழுது ஓய்ந்தபோது மூட்டத்தில் முற்றத்து மதில்கூடத் தெரியவில்லை. அவர் பழக்கம்போல் எழும்பிச் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் கார்த் திறப்பைத் தேடினார்.

“இருங்கோ, மூட்டம் விலகட்டும். முதல்ல வீட்டுக்குச் சொல்லுங்கோ,” என்றேன்.

அவர் போனில் மனைவியைக் கூப்பிட்டு, “நான் இப்ப வரேல்லை. எனக்குப் பயமா இருக்கு,” என்றார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, “ஓம், ஓம்” என்று தலையாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

கூரைக்கு மேல் அந்தச் சத்தம் போனது. நான் எழுந்து போய் முன்கதவை அகலத் திறந்துவைத்தேன்.