நார்த் ஹாலோ சபையின் இரண்டாவது ஆள்

திர்சா ஹோவி போன மாதம் காலமானாள். எங்கள் வட்டாரக் கிறிஸ்தவச் சபைகளின் கூட்டமைப்புச் செயலர் உடனே எனக்கு எழுதிவிட்டார். ஆண்டறிக்கையில் போட ஆறு வரி வேண்டுமாம்: பிறந்த ஊர், சபையில் சேர்ந்த தேதி, இறந்த தேதி. 'சேர்ந்த தேதி' என்ற இடத்தில் என் பேனா நின்றுபோனது. வில்லங்கமே அங்கேதான் இருக்கிறது. அவருக்கு ஆறு வரியை ஒருவழியாக அனுப்பிவிட்டேன். மீதியை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டினால் திட்டிக்கொள்ளட்டும், எழுபது வயதில் திட்டு உறைக்காது.

நான் ஆரின் பெக். நெப்ராஸ்காவில் வில்லோ ஓடைக்கரையில் தபால் நிலையம் வைத்திருந்தவன். நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். எங்கள் மண்கட்டி வீட்டில் சமையல் அலமாரியின் மேல்தட்டுதான் அது. கீழ்த்தட்டில் சோளமாவு இருந்தது. கடிதங்களில் மாவு ஒட்டுகிறது என்று புகார் சொன்னவர்கள் உண்டு, ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

திர்சாக்கா பக்கத்து நிலத்துக்காரி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். வெர்மாண்ட் மலையில் நார்த் ஹாலோ என்ற ஊரிலிருந்து கணவர் ஏசாவோடு 1867-இல் வந்தாள். இரண்டாவது குளிர்காலத்தில் ஏசாவைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அடக்கம் செய்ய நாற்பது மைலுக்கு ஒரு போதகர் கிடையாது. நான்தான் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தேன், அதுவும் தட்டுத்தடுமாறி. முடிந்ததும் அக்கா என்னிடம், “நல்லா வாசிச்ச ஆரின்” என்றாள். நான் வாசித்த லட்சணம் அங்கே நின்ற மாட்டுக்குக்கூடத் தெரியும்.

அதற்குப்பிறகு, குடியேறியவர்களுக்கு அரசு கொடுத்த நூற்றறுபது ஏக்கரையும் தனியாகவே உழுதாள். வெட்டுக்கிளி வந்து எல்லோர் சோளத்தையும் தின்ற வருஷம், பாதிப்பேர் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே திரும்பினார்கள். அவள் டர்னிப் கிழங்கு விதைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் மூன்று வேளையும் டர்னிப் தின்றோம். இன்றைக்கும் அதன் வாசனை வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

1876 வசந்தத்தில் மிஷன் சங்கத்தின் மேற்பார்வைப் போதகர் லூமிஸ் எங்கள் பக்கம் வந்தார். கிழக்கத்திச் சபைகள் சேர்ந்து, மேற்கே குடியேறியவர்களுக்குப் போதகர்களை அனுப்ப நடத்துகிற சங்கம் அது. லூமிஸ் ஒல்லியான மனிதர், ஒரு கழுதை வண்டியில் மூன்று மாவட்டங்களைச் சுற்றுகிறவர்.

“அக்டோபருக்குள்ள சபை அமைச்சிட்டீங்கன்னா ஒரு போதகரை அனுப்புவோம். ஒரே ஒருத்தர்தான் கைவசம் இருக்கார். பெர்ச் முனைக்காரங்களும் கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றார். “ஏழு பேராவது வேணும், ஒவ்வொருத்தரும் பழைய சபையிலிருந்து கடிதத்தோட.”

எங்கள் சபைகளுக்கு மேலே ஆயர் கிடையாது, அதிகாரி கிடையாது. ஒவ்வொரு சபையும் தன் வீட்டுக்குத் தானே ராஜா. அதனால் ஒருவர் ஊர் மாறும்போது கூட்டத்தில் எழுந்து நின்று கேட்க வேண்டும். சபை ஓட்டுப் போட்டு, 'இவர் நல்ல நிலையில் இருக்கிறார்' என்று கடிதம் கொடுக்கும். அது கையில் இருந்தால்தான் புதுச் சபை சேர்த்துக்கொள்ளும், அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்தில் இடம் கொடுக்கும். என்னிடம் கடிதம் இருந்தது. என் மனைவி லொவைனாவிடம் இருந்தது. ஓடைக்கு அந்தப்பக்கம் நாலு பேரிடம் இருந்தது. ஆக ஆறு.

“உங்க கடுதாசி எங்கக்கா?” என்று திர்சாக்காவிடம் கேட்டேன்.

“இல்லை.”

“தொலைச்சிட்டீங்களா?”

“கேக்கவே இல்லை. போதுமா?”

கதையைப் பிறகுதான் சொன்னாள். நார்த் ஹாலோவில் வருஷத்துக்கு நாலைந்து குடும்பம் மேற்கே கிளம்பிக்கொண்டிருந்ததாம். இவள் கிளம்பிய வருஷம் சபைக் கூட்டத்தில் இவளுடைய அக்கா அக்சா பக்லண்ட் எழுந்து நின்றிருக்கிறாள். “மிஷனுக்குக் காணிக்கை குடுத்தோம், சரி. இப்ப ஆளையும் குடுத்துக்கிட்டே இருந்தா இங்க யார் இருப்பா? போறவங்க போங்க, என்கிட்ட கடுதாசி கேக்காதீங்க” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். கல்யாணம் ஆகாதவள், அந்தக் கோவிலைக் கூட்டிப் பெருக்கியே வளர்ந்தவள். திர்சாக்காவுக்கு ரோஷம். கேட்காமலே வண்டி ஏறிவிட்டாள். ஒன்பது வருஷமாக அக்காளும் தங்கையும் ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷமாக இவள் திருவிருந்தில் கை நனைக்கவும் இல்லை.

“இப்பவாவது எழுதிக் கேளுங்க” என்றேன்.

“நான் கேக்க மாட்டேன். அமையப்போற சபைக்கு நீதானே எழுத்தர்? நீ எழுது.”

நார்த் ஹாலோ சபைக்கு நான் ஜூலையில் எழுதினேன். ஆகஸ்டில் பதில் இல்லை. செப்டம்பரில் இன்னொன்று எழுதினேன். திர்சாக்காவோ தபால் வண்டி வருகிற நாளெல்லாம் 'மாவு இருக்கா', 'உப்பு இருக்கா' என்று வந்து மேல்தட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். அவள் வீட்டில் எங்களுக்கும் சேர்த்து உப்பு இருந்தது.

அக்டோபர் பத்தாம் தேதி, புதுச் சபை அமைவதைப் பார்த்து ஒப்புதல் தர ஆலோசனை மன்றம் எங்கள் வீட்டில் கூடியது. லூமிஸ் வந்தார், நாற்பது மைல் தள்ளியுள்ள இரண்டு சபைகளிலிருந்து பிரதிநிதிகள் வந்தார்கள். அதில் மூப்பர் ஸ்டைல்ஸ் என்று ஒருவர், சட்டம் பேசவே பிறந்தவர். காலையில் அரைமணி நேரம், ஒரு சபை விஷயத்தில் இன்னொரு சபை மூக்கை நுழைக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். நாங்கள் யாரும் நுழைக்கவில்லை.

ஆறு கடிதமும் சரி. ஏழாவதுக்கு லூமிஸ் ஒரு வழி சொன்னார். “சகோதரி ஹோவி, புது விசுவாசியா, சபை முன்னால விசுவாச அறிக்கை பண்ணிச் சேந்துடுங்க. அதுக்குக் கடிதம் தேவையில்லை.”

“புதுசா?” என்றாள் அக்கா. “பதினாறு வயசுல அறிக்கை பண்ணினவ நான். அது பொய்ன்னு இப்ப சொல்லணுமா?”

“அப்படி யாரும் சொல்லலையே.”

“எனக்கு அப்படித்தான் படுது, ஐயா.”

லொவைனா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எங்களுக்கு மூன்று குழந்தைகள், மூவருக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை. போதகர் பெர்ச் முனைக்குப் போய்விட்டால் அடுத்தவர் எப்போது வருவாரோ. அவள் வாய்விட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கும்.

மதியம் சோளரொட்டியும் காட்டுக்கோழியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தபால் வண்டி வந்தது. பையில் நார்த் ஹாலோ முத்திரையோடு ஒரு உறை இருந்தது. நான் அதை மன்றத்தின் முன் வாசித்தேன். மனப்பாடமாகவே இருக்கிறது:

“உங்கள் முதல் கடிதம் காலமான எழுத்தர் பெயருக்குப் போய்த் தாமதமாக என்னிடம் வந்தது. கூட்ட அறிவிப்பு இரண்டு ஞாயிறு கோவில் கதவில் ஒட்டப்பட்டது. சபை செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்குக் கூடியது. வந்திருந்தோர்: அக்சா பக்லண்ட். ஜெபத்தோடு தொடங்கியது. திர்சா ஹோவியின் கோரிக்கை வாசிக்கப்பட்டது. விவாதம் நெடுநேரம் நடந்தது. எதிர்ப்பின்றி நிறைவேறியது. மேற்படி சகோதரி எங்கள் சபையில் நல்ல நிலையில் இருப்பவர். உங்கள் சபை அவரை ஏற்றுக்கொள்ளும்போது எங்களோடு அவருக்குள்ள தொடர்பு முடிவடையும்.”

ஸ்டைல்ஸ் ரொட்டியைக் கீழே வைத்தார்.

“ஒரு பொம்பளை தனியா உக்காந்து ஓட்டுப் போட்டா அது சபைத் தீர்மானமா?”

“அறிவிப்பு ஒட்டியிருக்காங்க, ஜெபம் பண்ணியிருக்காங்க, குறிப்பு எழுதியிருக்காங்க” என்றார் லூமிஸ். “இருநூறு பேர் இருக்கிற சபையிலகூட இந்த மூணும் ஒழுங்கா நடந்து நான் பாத்ததில்லை. அதுவும் ஒருத்தங்க இல்லை, ரெண்டு பேர். தங்கச்சி பேரை அவங்க பதிவேட்டுல இன்னும் அடிக்கலையே.”

கடிதம் செல்லும் என்று மன்றம் முடிவு செய்தது. ஏழு பேர் ஆகிவிட்டோம். லொவைனா சமையல் அங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அக்கா, “ஆரின், கடைசி வரியை இன்னொரு தடவை வாசி” என்றாள்.

வாசித்தேன்.

“நான் இங்க சேந்தா அங்க எத்தனை பேர்?”

“ஒருத்தர்.”

“ஒருத்தர் சபையா?”

ஸ்டைல்ஸ் தட்டிலிருந்த எலும்பைத் திருப்பிப் போட்டார்.

“எல்லாரும் போயிட்டாங்க, நான் ஒருத்தி பேர்லதான் அவ அந்தக் கதவைத் திறந்து வச்சிருக்கா. என்னையும் அனுப்பிட்டு உக்காந்திருக்கா. எனக்கு வேணாம்.” சொல்லிவிட்டு லொவைனாவைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் குழந்தைகளைப் பார்த்தாள். அவள் முகத்தை அன்றைக்கு மாதிரி நான் ஏசாவின் அடக்கத்தில்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல யோசனைதான் வந்திருக்கிறது, அது அப்போது வந்தது. புதுச் சபை ஒருவரைச் சேர்த்துக்கொண்டதும், அதன் எழுத்தர் பழைய சபைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் அங்கே பெயரை அடிப்பார்கள். எங்கள் வழக்கம் அது.

“அக்கா, இங்க சேந்துடுங்க. அறிவிப்பை நான்தான் அனுப்பணும். இங்க தபால் கொஞ்சம் மெதுவாப் போகும்.”

“எவ்வளவு மெதுவா?”

“தபால்காரனும் நான்தானே.”

ஸ்டைல்ஸ் எழுந்தே விட்டார். “இது ஒழுங்கா? ரெண்டு சபையில ஒரு பேரா? எப்ப அனுப்புறதா உத்தேசம்?”

“நேரம் கிடைக்கிறப்ப.”

“மூப்பரே,” என்றார் லூமிஸ், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, “அது இந்தச் சபையோட எழுத்தர் வேலை. வெளியார் தலையிடக் கூடாதுன்னு காலையில நீங்க ரொம்ப நல்லாச் சொன்னீங்க.”

அன்று மாலைக்குள் வில்லோ ஓடைச் சபை அமைந்தது. நவம்பரில் போதகர் வந்தார். முதல் திருவிருந்தில் அப்பம் அக்காவிடம் வந்தபோது அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள், தட்டை நான் பிடித்துக்கொண்டேன்.

அறிவிப்பை நான் அனுப்பவே இல்லை. தெரிந்தே செய்த தப்பு. இரண்டு மாநிலத்து அறிக்கைகளிலும் ஒரே பெண்ணை எண்ணிக்கொண்டிருந்தார்கள். லூமிஸ் வரும்போதெல்லாம், “இன்னும் தபால் மெதுவாத்தான் போகுதா, பெக்?” என்பார். “ரோடு சரியில்லைங்க” என்பேன்.

ஒவ்வொரு ஜனவரியிலும் அக்சா பக்லண்டிடமிருந்து 'எழுத்தர் அவர்களுக்கு' என்று கடிதம் வரும். திர்சா ஹோவியை ஏற்றுக்கொண்ட அறிவிப்பு இதுவரை கிடைக்கவில்லை என்று எழுதியிருப்பாள். அடியில் ஒரு வார்த்தை: அவசரமில்லை.

அக்கா வந்து நிற்பாள். “என்ன எழுதியிருக்கா?”

“அவசரமில்லையாம்.”

“சரி” என்பாள். அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருக்கும்.

நாலாம் வருஷம் கடிதத்தில் ஒரு வரி கூடியது: 'மேற்படி சகோதரிக்கு மூட்டுவலி இருந்தால் கம்பளித்துணி சுற்றவும்.' நான் எழுத்தர் முறையில் பதில் போட்டேன்: 'சுற்றியிருக்கிறார்.' அடுத்த வருஷம் அக்சாவின் இருமலுக்கு இங்கிருந்து மருந்து சொல்லப்பட்டது. பிறகு ஆப்பிள் விளைச்சல், கூரை ஒழுகல், யார் செத்தார், யார் பெற்றார் என்று எல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது. நேரடியாக எழுதிக்கொள்ளுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். “நாங்க பேசிக்கிறதில்லை, உனக்குத் தெரியும்ல?” என்றாள்.

ஒருமுறை வெர்மாண்ட்காரர்கள் அந்தக் கோவிலை மூடி விற்றுவிடலாம் என்று கேட்டார்களாம். 'இரண்டு அங்கத்தினர் இருக்கிறோம், இருவருக்கும் சம்மதமில்லை' என்று அக்சா பதில் அனுப்பியிருந்தாள். அதை வாசித்ததும் திர்சாக்கா வாய்விட்டுச் சிரித்தாள். “என்னைக் கேக்காமலே என் ஓட்டைப் போட்டுட்டா பாத்தியா” என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை.

பதின்மூன்றாம் வருஷம் ஜனவரியில் கடிதம் வரவில்லை. பிப்ரவரியில் வேறு கையெழுத்தில் வந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் எழுதியிருந்தார்: அக்சா பக்லண்ட் தூக்கத்திலேயே போய்விட்டாள், இன்ன தேதியில் அடக்கம் ஆயிற்று. நான் அதை எடுத்துக்கொண்டு பனியில் நடந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் வாசித்தாள். மடித்தாள். மேசைமேல் வைத்து மடிப்பை விரலால் அழுத்தினாள்.

“ஆரின், அந்த அறிவிப்பு நீ அனுப்பலை இல்ல?”

“இல்லக்கா.”

“அப்ப நான் இன்னும் நார்த் ஹாலோ சபைதான்?”

“நீங்க மட்டும்தான்.”

“எனக்கு அவ எழுதிக் குடுத்தா. அவளுக்கு யார் எழுதுவா? கடுதாசி இல்லாமப் போயிருக்கா.” எழுந்து பேனாவும் மையும் எடுத்து வைத்தாள். “கூட்டம் நடக்கப்போகுது. நீ வெளிய இரு. நீ அந்தச் சபை ஆள் இல்லை.”

நான் வெளியே போய்ச் சுவரோரம் நின்றேன். உள்ளே அவள் ஜெபம் பண்ணுவது கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் கூப்பிட்டாள். எழுத்தர் என்ற முறையில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள்.

கூட்டம் கூடியது, வந்திருந்தோர் ஒருவர், ஜெபத்தோடு தொடங்கியது, எதிர்ப்பின்றி நிறைவேறியது, அக்சா பக்லண்ட் எங்கள் சபையில் நல்ல நிலையில் இருப்பவர், பரலோகத்துச் சபை அவரை ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. அத்தோடு நின்றிருந்தது.

“தொடர்பு முடிவடையும்னு ஒரு வரி வரணுமே, அக்கா” என்றேன்.

அவள் தாளை என்னிடமிருந்து வாங்கி மைமேல் ஊதினாள்.

“அந்த வரிக்கு ஓட்டு விழலை” என்றாள்.