செயின் கிளிப்

மலாயாவின் அவசரகாலத்தில்தான் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு மலாக்கா டவுனுக்கு வந்தேன். அக்கா வீட்டில் தங்கி, ஒரு மோட்டார் பட்டறையில் சேர்ந்தேன். படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியோடு சரி. முதலில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவினேன். பிறகு டியூப் ஒட்டினேன், பிளக் சுத்தம் செய்தேன். கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டப் பழகிய பிறகுதான் மச்சான் தன் பைக்கைத் தொடவிட்டார்.

மச்சான், அக்காவின் கணவர். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. வாரமெல்லாம் வேலைக்கு ஓட்டிப்போகும் பைக்கையே ஞாயிற்றுக்கிழமை புல்திடல் பந்தயத்திலும் ஓட்டுவார். பந்தயத்துக்குப் பின்சக்கரத்தின் பல்சக்கரத்தை மாற்ற வேண்டும். அதற்கேற்ற நீளமான செயினையும் பூட்ட வேண்டும். அது என் வேலை.

அன்று பைக்கை லாரியில் ஏற்றிப் போனோம். வழியில் போலீஸ் ரோடு பிளாக். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கடத்துகிறோமோ என்று பைக்கை இறக்கச் சொல்லி, டூல் பெட்டியைக் கொட்டிக் கிளறினார்கள். திடலை அடைந்தபோது மற்ற பைக்குகள் தொடக்கக் கோட்டில் நின்றன. நான் அவசர அவசரமாகச் செயினைப் பூட்டினேன். மச்சான் ஏறிப் போய்விட்டார்.

இரண்டாவது சுற்றில், தூர வளைவில் விழுந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டிய லாரிக்காரர் பைக்கை ஊருக்கு வெளியே தன் கம்பத்து வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டார். மறுநாள் அந்தப் பக்கம் ராணுவத் தேடுதல் என்று பாதையை மூடிவிட்டார்கள்.

செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் இடத்தில் ஒரு சின்ன கிளிப் உண்டு. அதன் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மாறிப்போனால் கழன்றுவிடும்; செயின் சிக்கிச் சக்கரமே நின்றுபோகலாம். நான் எப்படிப் பூட்டினேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. என் விரல்கள் மட்டும்தான் கண்ணுக்குள் வந்தன, கிளிப் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்டேவிட்டேன்.

"மச்சான், செயின் கழண்டுச்சா?"

"தெரியலலா. முன்னால போனவன் கிளப்புன தூசி. அப்புறம் வானந்தான் தெரிஞ்சிச்சு."

அக்கா கரண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மச்சானே ஏதாவது தப்பு செய்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

பாதை திறந்ததும் ஓடினேன். லாரிக்காரரின் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் பைக் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் கவை வளைந்திருந்தது. செயின் இருந்த இடத்திலேயே இருந்தது. கிளிப் சரியான பக்கம் பார்த்திருந்தது. பின்சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தேன், தங்குதடையில்லாமல் சுழன்றது. என்னை அறியாமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

லாரிக்காரர் ஓடி வந்தார். "என்னா தம்பி? மச்சானுக்கு கால் நல்லாயிருச்சா?"

"இல்லண்ணே," என்றேன். சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன்.

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். "என் மேல தப்பு இல்லக்கா. செயின் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நீ தப்பிச்சிட்ட," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவரு?"

மச்சானின் ஒரு கால் சற்றுக் குட்டையாகிப்போனது. பைக்கை விற்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் மெக்கானிக்குகளுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். இங்கிலீஷ் மட்டுமட்டு, படம் பார்த்துப் பார்த்தே வால்வும் கியரும் படித்தேன். ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் பந்தயக்காரர்கள் என்னை அழைத்தார்கள். எந்த வண்டியையும் இன்னொருவரும் பார்த்துச் சரி சொல்லாமல் கோட்டுக்கு அனுப்பியதில்லை.

ஜொகூர் பந்தயம் ஒன்றுக்கு மச்சான் தடியூன்றி வந்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் நின்று, சிரித்த முகத்தோடு எனக்குக் கையசைத்தார். நான் கையை உயர்த்தப் போனேன். அன்று கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் சிரித்தது நினைவுக்கு வந்தது. பிறகு, ஏதோ வேலை இருப்பதுபோல வண்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.