எழுபத்தேழில் நின்ற முள்

எண்பதுகளின் தொடக்கம். ராத்தல் கணக்குப் போய் கிலோ கணக்கு வந்து, நாங்களெல்லாம் இன்னும் மனசுக்குள் ராத்தலிலேயே நினைத்துக்கொண்டிருந்த காலம். கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து பஸ் பிடித்து இறங்கி இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்திரண்டு. எடை எண்பத்தாறு கிலோ. இரண்டு முட்டியிலும் வாதம்.

எடையை இப்படி வெட்கமில்லாமல் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அந்தத் தோட்டத்தில் என் எடை தெரியாத ஆளே கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

முட்டி வலி எனக்கு முப்பத்தைந்து வயதிலேயே வந்துவிட்டது. காலையில் அந்தக் குளிரில் எழுந்து காலை ஊன்றினால் துருப்பிடித்த கீல் மாதிரி இருக்கும். மேட்டில் ஏறுவதைக்கூடப் பல்லைக் கடித்துச் சமாளித்துவிடுவேன். இறங்கும்போதுதான் உயிர் போகும். எதிர்வீட்டு அக்கா என் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுப்பவர். சரிவில் இறங்கும்போதெல்லாம் அவர் தோளைத்தான் பிடித்துக்கொள்வேன். கங்காணியும் பாவம் பார்த்து, ரோட்டோரத்தில் இருந்த சமமான இடத்தையே எனக்குக் கொடுத்து வந்தார்.

ஒரு நாள் காலை பேர் கூப்பிடும்போது அதே கங்காணி முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "வருசக் கடைசிக்குள்ள மேல் மலைக்கு ஏற முடியாதவங்க பேர வெட்டச் சொல்லிட்டாரும்மா துரை. ஒம் பேரும் அதுல இருக்கு."

பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். என் வீட்டுக்காரர் இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. வீடு என் வேலையை நம்பித்தான் இருந்தது. மகள் தானா ராத்தா பள்ளியில் பெரிய பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்தால் நாங்கள் போவதற்கு இந்த மலையிலும் இடமில்லை, மலைக்குக் கீழேயும் இடமில்லை. வருஷம் முடிய இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது.

தோட்டத்து கிளினிக்கில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் ஐயாவிடம் போய், முட்டியில் ஏதாவது ஊசி போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒன் முட்டி ஒனக்குப் பாரம் இல்லம்மா. நீதான் அதுக்குப் பாரம். பத்துப் பதினஞ்சு கிலோ எறக்கு. வலி போகாது, ஆனா நீ மலை ஏறுவே."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. கிளினிக்கில் கைப்பிள்ளைகளை நிறுக்கும் தொட்டில் தராசு மட்டும்தான் இருந்தது. அதில் என் ஒரு காலைக்கூட வைக்க முடியாது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வட்ட முகமும் முள்ளும் வைத்த பெரிய தராசு ஒன்று உண்டு. சனிக்கிழமை வேலை முடிந்ததும் அதில் ஏறி நின்றேன். எண்பத்தாறு. பின்னால் கூடையோடு வரிசையில் நின்ற அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். கொட்டகையே சிரித்தது.

"கிராணி, கொழுந்துல தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கிறீங்கள்ல, எனக்கும் ஸ்வெட்டருக்கும் பூட்ஸுக்கும் கழிங்க!" என்றேன். ஈரக் கொழுந்துக்குக் கழிப்பதில், எடை எழுதும் அந்தக் கணக்கருக்கும் எனக்கும் எப்போதும் சண்டைதான்.

"நீங்க என்னா கொழுந்தா லா, கழிக்கறதுக்கு?" என்றார் கிராணி. மறுபடியும் சிரிப்பு.

சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வாரா வாரம் எல்லார் முன்னாலும் ஏறுவேன் என்று அன்றே முடிவு செய்தேன். எனக்கு ரோஷம் அதிகம். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால்தான் எனக்கு வாயைக் கட்டவும் முடியும்.

மூன்று வேளைச் சோறு ஒரு வேளையானது. மத்தியானம் நாலு கவளம். ராத்திரியில் முட்டைக்கோஸோ சாவி என்கிற கடுகுக் கீரையோ வேகவைத்து உப்புப் போட்டு முடித்துக்கொண்டேன். தேங்காய்ப்பால், பொரித்த நெத்திலி, கோயில் விசேஷத்து வடை எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டேன். முள் இறங்கியது. எண்பத்து நாலு, எண்பத்திரண்டு, எண்பது. ஒன்பது வாரத்தில் எழுபத்தேழு. சிரித்தவர்களே சனிக்கிழமையானால், "இந்த வாரம் எவ்ளோ?" என்று கழுத்தை நீட்ட ஆரம்பித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கப்புறம் முள் நின்றுவிட்டது.

ஒரு வாரமா, இரண்டு வாரமா? ஏழு வாரம். பசியில் கண் இருட்டுகிறது, முள் மட்டும் எழுபத்தேழிலேயே நிற்கிறது. குறைந்த மாதிரி இருந்த முட்டி வீக்கமும் திரும்ப வந்துவிட்டது. வருஷக் கடைசியோ மழையோடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது சனிக்கிழமை நான் தராசிலிருந்து இறங்கவில்லை. அங்கேயே நின்று கிராணியைப் பிடித்துக்கொண்டேன்.

"தராசு கெட்டுப் போச்சு. கொழுந்துலதான் எங்கள ஏமாத்துறீங்கன்னா, எம் ஒடம்புலயுமா ஏமாத்துவீங்க?"

தொழிற்சாலையிலிருந்து எடை எழுதி வந்திருந்த தேயிலைப் பெட்டி ஒன்று ஓரமாக இருந்தது. அதை அவர் இழுத்து வந்து தராசில் வைத்தார். பெட்டியில் எழுதியிருந்ததும் முள் காட்டியதும் இம்மியும் பிசகவில்லை.

"இப்ப சொல்லுங்க, கெட்டது தராசா?" என்றார் மெதுவாக.

எனக்குப் பின்னால் யாரோ, "ராத்திரியில பானைய வழிக்கிறா போல" என்று முணுமுணுத்தார்கள். அந்த ஒரு வார்த்தை என்னைக் கொன்றுவிட்டது. வீடு வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். அநியாயமாகப் பழி போட்டேனே என்ற வெட்கம் ஒரு பக்கம். அவ்வளவு பட்டினி கிடந்தும் திருட்டுப் பட்டம் வாங்கினேனே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம். திங்கட்கிழமை பேர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும் கிராணியிடம் மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்ட தடவைகள் கொஞ்சம்தான், அதில் அது ஒன்று.

டிரெஸ்ஸர் ஐயா சீட்டு எழுதி என்னைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஈப்போவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு தமிழ் நர்ஸ் இருந்தார். எங்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸி. என்னைவிடப் பத்து வயது சின்னவர். முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நேத்துக் காலையிலேருந்து வாய்க்குள்ள போனதெல்லாம் ஒண்ணு விடாம சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னேன். நாலு கவளம் சோறு, புடலங்காய்க் கூட்டு, ராத்திரி கீரை.

"அவ்ளோதானா?"

"மாரியம்மா மேல சத்தியமா அவ்ளோதான், மிஸ்ஸி."

மழையில் நனைந்து வந்த நான் நடுங்குவதைப் பார்த்து, தன் பிளாஸ்கிலிருந்து ஒரு கப் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் என் முகம் கோணிவிட்டது.

"என்னா மிஸ்ஸி, டின் பால் ஊத்தலையா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க தேத்தண்ணி குடிச்சதச் சொல்லவே இல்லியே?"

"அது சாப்பாடு இல்லியே மிஸ்ஸி! தேத்தண்ணிதானே!"

அதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது கடைசித் தூள். சாயம் கறுப்பாக இறங்கும். அதைச் சர்க்கரை போட்ட கட்டியான டின் பாலில் வெள்ளையாகும் வரை ஆற்றிக் குடித்தால்தான் எங்களுக்குத் தேத்தண்ணி. மிஸ்ஸி விரல் விட்டு எண்ணச் சொன்னார். எழுந்ததும் ஒன்று, பேர் கூப்பிடப் போகும் முன் ஒன்று, பத்து மணிக்குப் போத்தலில் கொண்டு போவது, மத்தியானம், வேலை விட்டதும், குளித்ததும், எதிர்வீட்டு அக்கா கையால் ஒன்று, ராத்திரிச் சோறு இல்லாத பசிக்கு இரண்டு. ஒன்பது விரல் மடங்கியது. இரண்டு நாளைக்கு ஒரு டின் எப்படிக் காலியாகிறது என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"ராத்திரிச் சோத்த நிறுத்திட்டு, அந்தச் சோத்தையே கிளாஸ்ல ஊத்திக் குடிச்சிருக்கீங்கம்மா" என்றார் மிஸ்ஸி. திட்டவில்லை, சிரிக்கவுமில்லை. தேத்தண்ணியை விட வேண்டாம், டின் பாலை விடுங்கள், ராத்திரியில் கொஞ்சம் பருப்பும் முட்டையும் சாப்பிடுங்கள் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டித் தூக்கி, பத்து எண்ணும் வரை நிறுத்திவைக்கும் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். நாலு வாரம் கழித்துக் கணுக்காலில் லேசான பாரம் கட்டிச் செய்யலாம் என்றார். நான் எதைக் கட்டினேன் தெரியுமா? காலி பால் டின்னில் மணலைப் போட்டுக் கட்டினேன்.

என் வீட்டில் டின் பாலை நிறுத்துவது சுலபமாகத்தான் இருந்தது. அடுத்தவர் வீட்டில்தான் ஆபத்து. லயத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணியை வேண்டாம் என்றால், அந்த வீட்டோடு உறவு வேண்டாம் என்று அர்த்தம். எதிர்வீட்டு அக்கா மகளுக்கு அந்த வாரம்தான் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்து நிற்கிறார், நான் கும்பிட்டு வேண்டாம் என்றேன். பாலில்லாமல் தரச் சொல்லவும் வாய் வரவில்லை. நல்ல காரியத்தில் கறுப்புத் தேத்தண்ணி கேட்டால் அது இன்னும் அபசகுனம். மறுநாளே போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னேனே, எனக்கு ரோஷம் அதிகம். நானாகவா போய் விளக்குவது என்று இருந்துவிட்டேன்.

அக்கா பேச்சை நிறுத்தினார். "எம் பொண்ணு காரியத்துல கை நனைக்காமப் போனவ" என்று லயம் முழுக்கச் சொன்னார். கங்காணியிடம் கேட்டு வேறு வரிசைக்கு மாறிக்கொண்டார். சரிவில் பிடித்துக்கொள்ள எனக்குத் தோள் இல்லை. மூங்கில் கம்பு ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் அடி வைத்து இறங்கினேன். பத்து மணிக்கு எல்லாரும் கூட்டமாக உட்கார்ந்து குடிக்கும்போது நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். முட்டி வலியைவிட அது அதிகமாக வலித்தது. ஒரு கிளாஸ் தானே, போய்க் குடித்துவிட்டுச் சமாதானமாகிவிடலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியது.

மூன்றாவது சனிக்கிழமை தராசில் ஏறினேன். முள் ஆடி ஆடி எழுபத்தைந்தில் நின்றது. நம்ப முடியாமல் நான் இறங்கி மறுபடி ஏறினேன். எழுபத்தைந்தேதான்.

"நான் ஒண்ணும் கழிக்கல லா!" என்று கிராணி கத்தினார். கொட்டகையில் கை தட்டினார்கள். பானையை வழிக்கிறாள் என்று யார் சொன்னார்களோ அவர்களும் அதில் தட்டியிருப்பார்கள். அக்கா மட்டும் கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அக்கா என் எதிரில் வந்து நின்றார். கையில் போத்தல். மூடியைத் திறந்து ஊற்றினார். கறுப்பாக இருந்தது, இஞ்சி வாசனை வந்தது.

"ஒம் மக வந்து எல்லாத்தையும் சொன்னா. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னாடி ஒனக்கு? அவ்ளோ திமிரா?"

"திமிருதான்க்கா" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதிருப்பேன்.

"நானும் குடிச்சுப் பாத்தேன். ச்சை, கசாயம் மாதிரி இருக்கு. நீ குடி."

குடித்தேன். இருபது வருஷம் கொழுந்து எடுத்த எனக்கு, தேயிலைக்கென்று ஒரு ருசி உண்டு என்பது புரியத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. அன்றைக்கு அது தேனாக இருந்தது. மறுநாள் அக்கா பழையபடி என் பக்கத்து வரிசைக்கு வந்துவிட்டார். நான் தோளைப் பிடிக்கவில்லை. கம்பு பழகிவிட்டது என்று சொன்னேன். பக்கத்தில் நடந்தால் போதும் என்றேன்.

வருஷக் கடைசி வாரம், மேல் மலை. மழை பெய்து செம்மண் வழுக்கலாகக் கிடந்தது. கீழே ரோட்டில் துரையின் ஜீப் நின்றது. அன்றைக்கு என் எடை எழுபத்தொன்று. வலி இல்லையா என்றால், இருந்தது. ஒவ்வொரு அடியிலும் இருந்தது. நேராக ஏறாமல் வளைந்து வளைந்து ஏறினேன். மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அக்கா பின்னாலேயே வந்தார். உச்சி வரிசைக்குப் போய்க் கூடையைச் சரிசெய்துகொண்டு, எல்லாரையும் போலக் கொழுந்து எடுக்கத் தொடங்கினேன். மத்தியானம் நிறைந்த கூடையோடு என் காலாலேயே இறங்கி வந்தேன். துரை என் முட்டியைக் காட்டி, "போலேயா?" என்று மலாயில் கேட்டார், முடிகிறதா என்று.

"போலே, துரை! நாளைக்கும் போலே!" என்றேன். கங்காணி கையிலிருந்த, வெட்ட வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து என் பேரைத் துரையே அடித்துவிட்டார்.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் அந்த மலையில் கொழுந்து எடுத்தேன். மகள் அந்த வீட்டிலிருந்தே படித்து முடித்தாள். முட்டி வலி என்னை விட்டுப் போகவே இல்லை, இதை எழுதும்போதும் கூடவே இருக்கிறது. ஆனால் அந்தப் பதினைந்து கிலோவையும் இந்த இரண்டு முட்டிகளை வைத்துக்கொண்டே நான் இறக்கினேன் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்த வயதிலும் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.