கண்மாய் வற்றும்வரை

எங்கள் ஜீப்பின் பானட்டில் ஒரு துண்டை விரித்து, அதன்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு மேடம் நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க் கரை. பிற்பகல் வெயில். திரையில் கடல் கடந்த ஒரு நாட்டின் அரசு அதிகாரி, ஜீப்பைச் சுற்றிலும் ஊர்ச்சனம். வேலை ஆரம்பித்தாயிற்றா என்று அதிகாரி கேட்டார். மேடம் அவருக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "ஆரம்பிச்சாச்சான்னு கேக்குறாரு. இல்லைன்னு சொல்லிட்டேன்" என்றார்.

என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், "எங்கப்பா வெளிநாட்டுக் காசுல கண்மாய் வெட்டுறாரு" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். சொல்வது சரிதான். ஆனால் அந்தக் காசு என்ன காசு, அதை வைத்து வேலை செய்வது எப்படி என்பது அவர்களுக்கும் அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். அதற்காகத்தான் மேடத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் பத்தாவது வரைதான் படித்தவன். மதுரை தல்லாகுளத்தில் மாடியில் இருந்த ஒரு தொண்டு நிறுவன அலுவலகத்தில் வண்டி ஓட்டச் சேர்ந்தேன். அங்கே கண்மாய்த் திட்டத்தைப் பார்த்துக்கொண்ட மேடம் என்னைவிட வயதில் இளையவர், மதுரை சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அம்மாவிடம் போனில் வீட்டு மொழி, அதிகாரிகளிடம் ஆங்கிலம், எங்களிடம் மதுரைத் தமிழ். ஒருநாள் அவசரத்தில் என்னிடமே வீட்டு மொழியில் ஏதோ சொல்லிவிட்டார். நானும் "சரிங்க மேடம்" என்று வண்டியை இடப்பக்கம் திருப்பிவிட்டேன். "அண்ணே, நிறுத்துங்கன்னுல்ல சொன்னேன்!" என்று அவர் சிரித்த சிரிப்பு அலுவலகம் வந்து சேரும்வரை அடங்கவில்லை.

கண்மாய்த் தூர் வார வந்த பணம் யாரோ ஒரு பணக்காரர் தர்மத்துக்குக் கொடுத்ததல்ல. அந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறவரும் ரொட்டி சுடுகிறவரும் கட்டிய வரி. அவர்கள் அரசாங்கம் அதில் ஒரு பங்கை எடுத்து, தண்ணீரைக் காப்பாற்றும் வேலைக்கு மானியமாகக் கொடுத்தது. அதனால்தான் கேள்வியும் அதிகம். அவர்களுடைய நிதியாண்டு பங்குனி நடுவில் முடிந்துவிடும். அதற்குள் செய்யாத வேலைக்கான பணம் திரும்பிப் போய்விடும். மறு ஆண்டு வருமா என்பதை அவர்கள் அரசாங்கம்தான் முடிவு செய்யும். அந்தக் கண்மாயிலோ மண் ஏறி ஏறி, பெய்கிற மழையில் பாதி தங்காமல், மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு வழியே போய்க்கொண்டிருந்தது. கீழே இருந்த வயல்கள் எல்லாம் ஒரு போகத்துக்கே திண்டாடின.

மாசியில் தூர் வாரலாம் என்று ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியிருந்தார்கள். ஆனால் அந்த வருடம் மழை பிந்திப் பெய்தது. மாசியிலும் கண்மாயின் நடுவில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்று ஒப்பந்தக்காரர் குழாயோடு வந்து இறங்கியதும் ஊரே கரையில் திரண்டுவிட்டது.

"ஏன்யா, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தலப் பிரிச்சுருவீகளா? மீன் பிடிக்காம தண்ணிய இறைக்கிறதாம்ல!" என்று ஒரு அக்கா சத்தம் போட்டார்.

அப்போதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. தண்ணீர் தானாக வற்றி முழங்காலுக்கு வந்த பிறகு ஊர்க்காரர்கள் ஒரு நாள் குறிப்பார்கள். ஊர்த் தலைவரான அம்பலகாரர் கரையில் நின்று துண்டை வீசினால் சுற்றுவட்டாரம் முழுக்க ஒன்றாகக் கண்மாய்க்குள் இறங்கும். யாருக்கு எம்புட்டு கிடைத்தாலும் விற்கக்கூடாது, சமைத்துச் சாப்பிட வேண்டும். அதுவரை ஒருவரும் ஒரு கெண்டைகூடப் பிடிக்க மாட்டார்கள். இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதாலேயே கூட்டத்தில் ஒருவரும் சொல்லவில்லை. மேடம் நகரத்துப் பெண். நான் உசிலம்பட்டிக்காரன். எங்கள் வானம் பார்த்த பூமியில் மீனுக்கு எங்கே திருவிழா?

ஒப்பந்தக்காரர் மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டார். "ஓரத்துல காஞ்ச எடத்துல ஒரு குழி வெட்டி போட்டோ எடுத்து அனுப்பிருவோம் மேடம். வேலை ஆரம்பிச்சதாயிரும். அவங்க என்ன வந்து பாக்கவா போறாங்க?"

"வந்து பாக்க மாட்டாங்கண்ணே. அதனாலதான் நாம உள்ளதைச் சொல்லணும்" என்றார் மேடம். உடனே பானட்டில் துண்டை விரித்துவிட்டார்.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. ஊரைப் பற்றிய பேச்சை ஊருக்குத் தெரியாமல் பேச மாட்டார். அதிகாரி சொல்வதை வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வார், ஊர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வார். அன்றைக்கும் அப்படித்தான். இந்த மீன்பிடி ஏன் திட்டத்தில் இல்லை என்று அதிகாரி கேட்டபோது, "நான் கேக்கலை, அவங்க சொல்லலை. கேட்டிருக்க வேண்டியது நான்" என்றார் மேடம். மீனுக்காகப் பொதுமக்கள் பணம் காத்திருக்க முடியாது என்று அதிகாரி சொன்னதையும் மழுப்பாமல் அப்படியே சொன்னார்.

அம்பலகாரர் முன்னால் வந்தார். "அவுக ஊருப் பணத்துக்கு அவுக கேக்குறது நாயந்தாம்மா. எங்க ஊருத் தண்ணிக்கு நாங்க கேக்குறதும் நாயந்தான். சொல்லு."

மேடம் சொன்னார். கூடவே ஒரு வழியும் சொன்னார். அடுத்த வருடத்துக்கென்று வைத்திருந்த வரத்துக் கால்வாய் வேலையையும் மடை வேலையையும் இப்போதே முடித்துவிடலாம், தூர் வாருவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளலாம். அதிகாரி திட்டத்தாளை எடுத்துப் புரட்டினார். மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த வருடப் பணத்துக்கு நான் உறுதி தர முடியாது என்றார். அதையும் மேடம் ஊருக்குச் சொன்னார். "தூர் வாராமலே போனாலும் போயிரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

கரையில் கசமுசாவென்று பேச்சு. கடைசியில் அந்தச் சத்தம் போட்ட அக்காதான், "முதல்ல வாய்க்காலைப் பாருங்க. பணம் வந்தா வரட்டும்" என்றார். மறுநாள் காலை வாய்க்காலில் சீமைக்கருவேலை வெட்ட ஊரே அரிவாளோடு நின்றது. பங்குனி நடுவுக்குள் வேலை முடிந்தது. சித்திரையில் அம்பலகாரர் துண்டை வீசினார். மேடமும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார், சேறுதான் கிடைத்தது. ஆளாளுக்கு அள்ளிக் கொடுத்த மீனால் ஜீப் ஒரு வாரம் நாறியது.

இன்றைக்கு மேடம் வேறு மாநிலத்தில் பெரிய திட்டமொன்றைப் பார்த்துக்கொள்கிறார். நான் வண்டி ஓட்டுவதில்லை, கண்மாய் வேலைகளை மேற்பார்வை செய்கிறேன். புதிய ஊருக்குப் போனால், என்றைக்கு மண் வெட்டலாம் என்று முதலில் கேட்பதில்லை. இந்தக் கண்மாயில் வருடம் முழுக்க என்னென்ன நடக்கும் என்று கேட்டுவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கண்மாய்க்கு மறு ஆண்டும் தூர் வாரப் பணம் வந்தது. முதல் கூட்டத்துக்கு அதே கரையில் கூடினோம். திரையில் அதே அதிகாரி. வணக்கம் சொல்லி முடித்ததும் ஏதோ கேட்டார். மேடம் சிரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"மீன் பிடிச்சாச்சான்னு கேக்குறாரு."

"ஆச்சுன்னு சொல்லும்மா!" என்று அம்பலகாரர் கத்தினார். "எந்திரத்த எறக்கச் சொல்லு!"